லோடு டிரைவருக்கு ஒரு கேமிங் மிஷின்

1. வந்தவர்கள்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்:

நான். சிவகாசியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடை என்னுடையது. அதற்கு முன்பு மோட்டார் காயில் சுற்றினேன். பிறகு ஸ்டெபிலைசர். படிப்பு ஆறாவது.

கற்பகம். கடையில் சாஃப்ட்வேர் வேலை முழுவதும் அவர்தான். இங்கிலீஷில் வருவதை எனக்குப் படித்துச் சொல்வதும் அவர்தான்.

பாக்கியம். ஊர் விஸ்வநத்தம். பட்டாசுக் கம்பெனியில் சக்கரம் சுற்றுகிறவர். வயது ஐம்பது இருக்கும்.

முனியாண்டி. பாக்கியத்தின் தம்பி. அச்சாபீஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். அக்காவை பைக்கில் கூட்டிவந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார்.

வராதவர் ஒருவர். பாக்கியத்தின் வீட்டுக்காரர் சுப்பையா. கம்ப்யூட்டர் அவருக்குத்தான்.

"அண்ணாச்சி, வெளையாடுற கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும்" என்றார் பாக்கியம்.

"பையனுக்காம்மா?"

"இல்ல. வீட்டுக்காரருக்கு."

வாசலில் இருந்து முனியாண்டி குரல் கொடுத்தார். "நல்லாக் கேட்டுக்கோங்க அண்ணாச்சி. அம்பத்தெட்டு வயசு ஆளு. வெளையாடப் போறாராம்."

"நீ சும்மா இருலே. பைக்கு ஓட்டத்தான ஒன்னையக் கூப்ட்டேன்."

பிறகு பாக்கியம் விவரம் சொன்னார். சுப்பையா இருபத்தெட்டு வருடம் பட்டாசு லோடு ஓட்டினார். சிவகாசியில் ஏற்றி வடக்கே கொண்டுபோய் இறக்குவார். பாட்னா, கல்கத்தா, அதற்கும் அந்தப்பக்கம். போன வருடம் சர்க்கரை முற்றி வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சாப்பாட்டை முதுகுப் பக்கம் வைத்துவிட்டு வர வேண்டும். ஆள் இருந்தால் சாப்பிட மாட்டார். பேச்சு கிடையாது.

கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறாள். யாரோ ஒருவன் வீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிக்கிறான். திரையில் லாரி போகிறது. பாக்கியம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் சுப்பையாவின் காதுப்பக்கம் வைத்தார். லாரிச் சத்தம் கேட்டு அவர் கழுத்தைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னார்.

"'லோடு வண்டிய இப்படியா திருப்புவான், குடை சாஞ்சிரும்'னாக. வீட்டுக்கு வந்த பெறகு அவுக பேசுனது அம்புட்டுத்தான் அண்ணாச்சி."

கற்பகம் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டார்.

"தீவாளி போனஸ் வச்சிருக்கேன். கம்மல வித்துட்டேன். அறுபதாயிரத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க. அப்புறம் ஒண்ணு. கெட்டுப்போகக் கூடாது. அவுக ஒருதடவ எந்திரிச்சு மறுபடி விழுந்தா அப்புறம் என்னால தூக்க முடியாது."

இந்த வேலையில் ஆர்டர் கொடுப்பவர்கள் எத்தனையோ விதமாகச் சொல்வார்கள். வேகம் வேண்டும், லைட் எரிய வேண்டும், சத்தம் வரக் கூடாது. இப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

2. பார்ட்ஸ் எடுத்த விதம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்கவும்.

கேமிங் என்றதும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகக் கூடாது. முதலில் என்ன விளையாட்டு என்று கேட்க வேண்டும். லாரி ஓட்டும் விளையாட்டுக்கு என்ன தேவை என்று கற்பகம் தேடிச் சொன்னார். துப்பாக்கி சுடுகிற விளையாட்டுகளுக்கு வேண்டிய அளவு கார்டு இதற்கு வேண்டாம். பிராசசர்தான் முக்கியம். அதிலும் உள்ளே கணக்குப் போடுகிற கோர் எத்தனை என்பதைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பது முக்கியம்.

பிராசசர் ஆறு கோரில் எடுத்தேன். போன தலைமுறை. புதியது வந்தால் பழையது விலை இறங்கும். வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விலை வித்தியாசம் தெரியும்.

மதர்போர்டில் அலங்காரம் பார்க்கவில்லை. வாரண்டி எங்கே என்று பார்த்தேன். மதுரையில் மாற்றித் தருகிற கம்பெனி போர்டை எடுத்தேன். நெட்டில் எல்லோரும் புகழ்கிற போர்டுக்கு சர்வீஸ் சென்னையில் இருந்தால் நமக்கு அது நல்ல போர்டு இல்லை.

ரேம் பதினாறு ஜிபி. ஒரே ஸ்டிக்காகப் போடக் கூடாது. எட்டு எட்டாக இரண்டு. இரண்டு வழியில் போகும் வேகம் ஒரு வழியில் வராது.

கிராஃபிக்ஸ் கார்டு செகண்ட்ஸ். காலண்டர் டிசைனிங் செய்கிற ஆபீஸில் ஓடியது. செகண்ட்ஸ் கார்டு வாங்கும்போது ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள். ஆடக் கூடாது. ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். சில்லின் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட்டை மாற்றுங்கள். பிறகு ஒரு பகல் முழுவதும் ஃபேன் இல்லாத அறையில் வைத்து முழுவேகத்தில் ஓட்டுங்கள். சிவகாசி வெயிலுக்குத் தாங்கினால் வேறு எங்கேயும் தாங்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. கேபினெட்டோடு இலவசமாக வருவதைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். கரண்டை வாங்கி மற்ற எல்லாவற்றுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது அதுதான். அது போனால் தனியாகப் போகாது. கூட இரண்டைக் கூட்டிக்கொண்டு போகும்.

கேபினெட் முன்பக்கம் முழுவதும் ஓட்டைத் தகடு. காற்றுப் போக வேண்டும். லைட் இல்லை.

"லைட்டு எரியாதா?" என்றார் முனியாண்டி. பேச்சு சுவாரசியத்தில் உள்ளே வந்திருந்தார். "எங் கூட்டாளி வீட்ல ஒண்ணு இருக்கு. தீவாளி மாதிரி மின்னும்."

"லைட்டுக்குக் குடுக்கிற காசு எஸ்எம்பிஎஸ்ல போகுது."

"மின்னுற சாமான்லாம் நான் கம்பெனியில பாத்துக்கிடுதேன். இது ஓடுனாப் போதும்" என்றார் பாக்கியம்.

யுபிஎஸ் வேண்டுமா என்று கேட்டேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனாலும் எதுவும் அணையாது என்றார். சரி என்று விட்டேன். அந்தப் பணம் ஸ்டீயரிங்குக்குப் போனது.

ஸ்டீயரிங்கோடு இரண்டு பெடல் வந்தது. ஆக்சிலேட்டர், பிரேக். அவருக்கு இருப்பது இடது கால். பெடல் தகட்டை இடதுபக்கம் தள்ளி, ஒரு பலகையில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். நழுவக் கூடாது.

எல்லாம் மாட்டி பெஞ்சில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். திரையில் விடிகிற நேரம். மலை ரோடு. மழை பெய்து நின்றிருக்கிறது. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரிந்தது. லாரி அதன்மேல் போனதும் வானம் உடைந்தது. பின்னால் மறுபடி சேர்ந்தது.

அந்தக் கார்டில் கணக்குப் போடுகிற சில்லு கட்டைவிரல் அகலம்தான். அதற்குள் இருந்து மலை வருகிறது. மழை வருகிறது. நான் காயில் சுற்றிய ஆள். கம்பி தெரியும். எத்தனை சுற்று என்று தெரியும். ஏன் சூடாகிறது என்று தெரியும். இது எப்படி என்று இன்றுவரை தெரியாது. வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, டீ ஆறுது" என்றார் கற்பகம்.

3. எறங்கு தாயி

விஸ்வநத்தத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். முன்னறை. இரும்புக் கட்டில். சுப்பையா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நல்ல ஆகிருதி. முதுகு அகலம். நாங்கள் வந்ததற்கு அசைவு இல்லை.

மேசையைக் கட்டிலுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவில் போட்டோம். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்று பாக்கியம் வழியிலேயே சொல்லியிருந்தார்.

டெஸ்ட் செய்வதற்காகக் கற்பகம் ஓட்டினார். அவருக்கு ஸ்கூட்டிதான் தெரியும். கிளம்பிய வேகத்தில் ஒரு கம்பத்தில் இடித்தார். ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் இருந்த காரை இடித்தார். சுற்றிலும் ஹாரன். மறுபடி முன்னால் போய் அதே கம்பம்.

கட்டில் கிறீச்சிட்டது.

"யாருலே அது ஓட்டுறது?"

"நாந்தான் அண்ணாச்சி. கற்பகம்."

"எறங்கு தாயி. வண்டி பாவம்."

கக்கத்துக் கட்டையை ஊன்றி அவரே எழுந்து வந்தார். பாக்கியம் அடுப்படி நிலையில் டீ தம்ளரோடு நின்றார். பிடிக்கப் போகவில்லை. முனியாண்டி போகப் பார்த்தார். பாக்கியம் கண்ணைக் காட்டியதும் நின்றுவிட்டார்.

சுப்பையா உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடிக்கவில்லை.

"என்ன லோடு?"

"மரக்கட்டைன்னு போட்டிருக்கு" என்றார் கற்பகம்.

"எத்தன டன்?"

"இருபது."

"டயரப் பாக்கணும்."

லாரியை வெளியில் இருந்து சுற்றிக் காட்ட முடியும். கற்பகம் காட்டினார். ஒவ்வொரு டயராகப் பார்த்தார். ஒன்றில் நிறுத்தச் சொன்னார். பார்த்துவிட்டு, சரி என்றார்.

"கிளட்ச் எங்க?"

"கிளட்ச் இல்லண்ணாச்சி. கியரு தானா விழும்" என்றேன்.

"அப்ப டவுன் பஸ்ஸு."

முனியாண்டிதான் முதலில் சிரித்தார்.

வண்டி கிளம்பியது. கிளம்பியதே தெரியவில்லை. கற்பகம் ஓட்டியபோது குதித்த அதே வண்டிதான். அதே பெடல்தான். ஒரு கால்தான். அதுவும் இத்தனை வருடம் கிளட்ச் மட்டும் மிதித்த கால்.

"இங்க வலப்பக்கமாப் போறான்" என்றார். வேறு நாடு. நமக்கு எதிர்ப்பக்கம். ஒரு தடவை சொன்னார். அதோடு சரி. ஒரு இடத்திலும் மாறிப் போகவில்லை.

வளைவு வருவதற்கு ரொம்ப முன்பே வேகத்தை இறக்கினார். வளைவில் பிரேக்கைத் தொடவில்லை. மலை இறக்கம் வந்தது. மழை பிடித்தது. வைப்பர் எது என்று கேட்டார். போட்டுக்கொண்டார். முன்னால் ஒரு வண்டி மெதுவாகப் போனது.

"ஓவர்டேக் பண்ணிரலாம் அண்ணாச்சி" என்றார் கற்பகம்.

"அது என்ன வண்டி?"

"டேங்கரு."

"டேங்கரு பக்கத்துல நான் போக மாட்டேன்."

அது போகிற வரைக்கும் பின்னாலேயே, ரொம்பத் தள்ளி, போனார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். காதில் வாங்கவில்லை.

முனியாண்டி பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

"வெளிய போ."

"என்ன மச்சான்?"

"லோடு ஏத்திருக்கு. வெளிய போய்க் குடி."

"மரக்கட்டதான மச்சான். அதுவும் டிவிக்குள்ள."

"வெளிய போலே."

முனியாண்டி எங்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. வெளியே போனார்.

சேர வேண்டிய இடம் வந்தது. ஒரு குடோன். நீள வண்டியைப் பின்பக்கமாக ஒரு சந்துக்குள் விட வேண்டும். கடையில் ஓட்டிப் பார்த்தபோது இதை ஒரு தடவையும் தான் ஒழுங்காகச் செய்ததில்லை என்று கற்பகம் என் காதில் சொன்னார். சுப்பையா ஒரு பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். வண்டி மடங்கியது. நிமிர்ந்தது. உள்ளே போய் நின்றது. ஒரே தடவை.

என் கை நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை அப்புறம்தான் பார்த்தேன். இந்த மிஷின் மலையையும் மழையையும் காட்டும். அது எனக்குத் தெரியும். அது காட்டுகிற மலையில் ஒரு மனுஷன் உண்மையாகவே இறங்குவான் என்பது தெரியாது.

"அடுத்த லோடு எங்க?" என்றார் சுப்பையா.

பாக்கியம் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது.

4. நீலத்திரை

பத்து நாள் கழித்து பாக்கியம் போன் செய்தார். திரை நீலமாக வருகிறது, கிளம்ப மாட்டேன் என்கிறது.

கடைக்குக் கொண்டுவந்தோம். விண்டோஸ் ஃபைல்கள் சிதைந்திருந்தன. புதிதாக ஏற்றினோம். பெஞ்சில் விட்டு ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தோம். சுப்பையா சுவரிலிருந்து திரும்பி எழுந்து உட்கார்ந்தார். ஓட்டினார்.

மறுபடி போன் வந்தது. அதே நீலம்.

இந்த முறை நான் எதையும் விடவில்லை. எல்லாம் பதிந்து வைக்கிற எஸ்எஸ்டியை வேறு கம்பெனிக்கு மாற்றினேன். ரேமை ஒவ்வொரு ஸ்டிக்காகச் சோதித்தோம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் போட்டு ஓட்டினேன். செகண்ட்ஸ் கார்டைக் கழற்றி வேறு கார்டு போட்டேன். எதிலும் பிழை இல்லை. என் கடையில் ஓடுகிறது. அவர் வீட்டில் விழுகிறது.

"அணைக்கும்போது ஒழுங்கா அணைக்காரா?" என்று போனில் கேட்டேன்.

"அதெல்லாம் ரொம்பச் சுத்தம் அண்ணாச்சி. எல்லாத்தையும் அணைக்காம எந்திரிக்கவே மாட்டாக."

திருப்பிக் கொடுக்கப் போனபோது முனியாண்டி வாசலிலேயே நிறுத்தினார். "பளைய சாமானத் தலையில கட்டிட்டீக. எங்கக்கா காது மூளியா நிக்கா. நீங்க கம்ப்யூட்டரத் தூக்கிட்டு ஊர்வலம் வாரீக."

மிஷினை வாசற்படியில் வைத்தேன்.

பாக்கியம் சத்தம் போடவில்லை. என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"அது நின்ன அன்னிக்கு அவுக ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக. 'அதுவும் என்னைய மாதிரி ஆயிருச்சு'ன்னாக. திரும்பிப் படுத்துட்டாக. ரெண்டு தடவ பாத்துட்டேன் அண்ணாச்சி. மூணாந்தடவ கெட்டுச்சுன்னா எடுத்துட்டுப் போயிருங்க. பணம் போனாப் போகுது. இப்படி ஏத்தி எறக்குனா ஆளு தாங்காது."

5. மீட்டரோடு ஒரு மத்தியானம்

அந்த வீட்டுக் கரண்டில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பிளக்கில் மாட்டிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தேன். கற்பகமும் வந்திருந்தார். பாக்கியம் கம்பெனிக்குப் போயிருந்தார்.

சுப்பையா ஓட்டினார். நான் மீட்டரைப் பார்த்தேன். இருநூற்று முப்பது வோல்ட். இருநூற்று இருபத்தெட்டு. அசையவே இல்லை. இவ்வளவு நல்ல கரண்டு என் கடையிலேயே கிடையாது.

வண்டி குடோனில் போய் நின்றது. லோடு இறங்கியது. திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. ஓட்டியதை எல்லாம் மிஷின் எஸ்எஸ்டியில் எழுதி வைக்கிற நேரம் அது.

சுப்பையாவின் கை நீண்டது. பார்க்கவில்லை. பின்னால் சுவரில் இருந்த சுவிட்ச் போர்டுக்கு நேராகப் போனது. டக்.

திரை இருண்டது. மீட்டர் இருண்டது. ஃபேன் நின்றது.

அவர் எழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அப்படியே இருந்தார்.

"இப்ப என்ன பண்ணீக அண்ணாச்சி?" என்றேன்.

"வண்டி நின்னுருச்சுல்ல."

"ஆமா."

"நின்னா பேட்டரியக் கழட்டணும்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"பின்னால இருக்கது வெடி. தாபால நிறுத்துனாலும் சரி, செக்போஸ்ட்ல நிறுத்துனாலும் சரி, மொத வேலை பேட்டரி வயரு. அது கழண்டாத்தான் நான் எறங்குவேன். வயருக்கு வயரு ஒரசி ஒரு பொறி விழுந்தாப் போதும். கூட வந்த வண்டி எரிஞ்சதப் பாத்திருக்கேன். அவனும் டீ குடிச்சிட்டு வந்துருதேன்னுதான் போனான்."

"அணைச்சிட்டு ஏன் உக்காந்திருந்தீக?"

"எங்கயாவது புஸ்ஸுங்குதான்னு கேக்கணும்ல."

கற்பகம் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். வண்டி நின்றதும் மிஷின் எழுதுகிறது. எழுதும்போது கரண்டைப் பிடுங்கினால் எழுதியது பாதியில் நிற்கிறது. அப்படிப் பலநாள் செய்தால் ஒருநாள் கிளம்பாது. திரையிலேயே அணைப்பதற்கு இடம் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, எல்லாம் இருண்ட பிறகு சுவிட்சை அணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவருக்கு உடனே புரிந்தது. கோபம் இல்லை. ஒரு சின்ன லோடு எடுத்தார். ஓட்டினார். நிறுத்தினார். டக்.

அவரே அதிர்ந்துபோனார்.

மறுபடி ஓட்டினார். இந்தமுறை நான் சுவிட்ச் போர்டு பக்கம் நின்றேன். கை வந்து என் வயிற்றில் இடித்தது. மறுபடியும் அப்படியே.

சுப்பையா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொன்னாக் கேக்க மாட்டேங்குது அண்ணாச்சி. நிக்கிற வண்டியில இது சும்மா இருக்காது."

கையை மடியில் போட்டார். "எடுத்துட்டுப் போயிருங்க. நான் கெடுத்துருவேன். அவ ஒழைச்ச காசு."

சொல்லிவிட்டுக் கட்டையைத் தேடினார். கட்டில் பக்கம் பார்த்தார்.

நான் எத்தனையோ பேருக்கு எப்படி அணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் முதல் ஆபீஸ் மேனேஜர் வரை. எல்லோரிடமும் நீங்கள் மாறிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அன்று அந்தக் கையைப் பார்த்து எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. அந்தக் கை இருபத்தெட்டு வருடம் ஆளையும் வண்டியையும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. தப்பு கையில் இல்லை.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றேன். "கை இருந்தபடி இருக்கட்டும். மிஷின மாத்திருவோம்."

"மிஷின என்ன மாத்துவீக?"

"ஒரு மணி நேரம் குடுங்க."

6. யுபிஎஸ்

கற்பகத்தின் ஸ்கூட்டியில் கடைக்குப் போய் ஒரு யுபிஎஸ் எடுத்துவந்தோம். எல்லா யுபிஎஸ்ஸும் இதற்கு உதவாது. மிஷினோடு பேசுகிற கேபிள் உள்ளது வேண்டும். விலை கொஞ்சம் கூட. கரண்ட் போனதும் அது கேபிள் வழியாக மிஷினுக்குச் சொல்லும். மிஷின் எழுத வேண்டியதை எழுதி முடித்து, தானே ஒழுங்காக அணையும். அதுவரைக்கும் பேட்டரி தாங்கும்.

இன்வெர்ட்டர் இருந்தும் இது ஏன் தேவைப்பட்டது என்று கேட்பீர்கள். இன்வெர்ட்டர் சுவிட்சுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. யுபிஎஸ் இந்தப்பக்கம். அவர் கை நடுவில்.

கற்பகம் செட்டிங் போட்டார். கரண்ட் போனதும் யுபிஎஸ் கீச்சென்று கத்தும். அதை நிறுத்தச் சொன்னேன்.

"கத்துனாத்தான தெரியும் அண்ணாச்சி?" என்றார் கற்பகம்.

"அவர் அணைச்சிட்டுக் காதக் குடுத்துக் கேக்கணும். சத்தம் இருக்கக் கூடாது."

கற்பகம் சத்தத்தை எடுத்துவிட்டார்.

அதற்குள் பாக்கியம் கம்பெனியில் இருந்து வந்திருந்தார். முனியாண்டியும் வந்தார். கை கழுவிக்கொண்டு இருவரும் சுவரோரம் நின்றார்கள். என்ன நடந்தது என்று கற்பகம் இரண்டு வார்த்தையில் சொன்னார். பாக்கியம் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. சுவிட்ச் போர்டைப் பார்த்தார்.

"ஓட்டுங்க அண்ணாச்சி" என்றேன். "நிறுத்திட்டு, கை எங்க போகுதோ போகட்டும்."

சுப்பையா ஓட்டினார். நிறுத்தினார். வட்டம் சுற்றத் தொடங்கியது. கை போனது. டக்.

திரை இருளவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றது. விளையாட்டு தானாக மூடியது. அணைகிறேன் என்று எழுத்து வந்தது. பிறகுதான் இருண்டது. ஃபேன் மெதுவாக நின்றது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

சுப்பையா தலையைச் சாய்த்துக் கேட்டார். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்டோம்.

"சொல்லாமலே அணையுதா?"

"நீங்க கழட்டுறதுதான் அண்ணாச்சி அதுக்குச் சொல்றது."

மறுபடி ஒரு தடவை செய்து பார்த்தார். அதே மாதிரி நடந்தது.

"நல்ல வண்டி" என்றார்.

யுபிஎஸ்ஸுக்கு உள்ள பணத்தைப் பாக்கியம் மாதாமாதம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். இனாமாக வாங்குகிற ஆள் இல்லை.

7. தூசி தட்டப் போனபோது

விஸ்வநத்தம் வீடுகளில் தூசி அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேபினெட்டைத் திறந்து ஊத வேண்டும். போன வாரம் அதற்காக நானும் கற்பகமும் போனோம். நீலத்திரை அதன்பிறகு வரவே இல்லை.

கட்டில் அந்த அறையில் இல்லை. உள்ளே போட்டுவிட்டார்கள். மேசை பக்கத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் சுப்பையா. மற்றதில் முனியாண்டி. திரையில் வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"வரலாம் வரலாம் வரலாம்... லெஃப்ட் ஒடிங்க மச்சான்... போதும், போதும்!"

"எனக்குத் தெரியும்லே. நீ கத்தாத."

"கிளீனருன்னா கத்தத்தான் செய்யணும்."

"வேலைக்குப் போய்ட்டு வந்து இவனுக்கு இந்த வேலை" என்றார் பாக்கியம். "ரெண்டு பேருக்கும் சோறு அங்கனயே குடுக்க வேண்டியிருக்கு." காதில் கவரிங் கம்மல் போட்டிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் தூசியை ஊதினேன். கார்டு சூட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. எஸ்எம்பிஎஸ் வோல்டேஜ் பார்த்தேன். சரியாக இருந்தது. மாட்டி மூடினேன்.

நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கேமிங் மிஷின் கேட்டு வருகிறவரிடம் முன்பெல்லாம் இரண்டு கேள்வி கேட்பேன். என்ன விளையாட்டு, எவ்வளவு பணம். இப்போது மூன்றாவதாக ஒன்று கேட்கிறேன். இதற்கு முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று. ஏன் கேட்கிறேன் என்று சிலருக்குப் புரிவதில்லை. பரவாயில்லை. பார்ட்ஸ் எடுப்பது அந்தப் பதிலில் இருந்துதான் தொடங்குகிறது. பெட்டிக்குள் மாட்டுவது பாதி வேலை. அதைத் தொடப்போகிற கையை அறிவது மீதி வேலை.

கிளம்பும்போது முனியாண்டி தடுத்தார். "அண்ணாச்சிக்கு அதக் காட்டுங்க மச்சான்."

"எதுக்குலே?"

"காட்டுங்கன்னா."

சுப்பையா ஒரு பக்கத்தைத் திறந்தார். எஸ்எஸ்டி மாற்றிய பிறகு அவர் ஓட்டியது எல்லாவற்றுக்கும் மிஷின் எழுதி வைத்த கணக்கு. இங்கிலீஷில் இருந்தது. கற்பகம் குனிந்து படித்தார். முதலில் தனக்குள் படித்தார். பிறகு எங்களுக்குக் கேட்கும்படி படித்தார்.

இறக்கிய லோடு 412. சேதம் 0.